ஒரு பிடில், இரண்டு ஊசி

கொடைக்கானலில் வயலின் வாசிக்கிற மற்றவர்கள் அதைத் தாடைக்கு அடியில் வைத்துக்கொள்வார்கள். ஆக்னல் மட்டும் நெஞ்சோடு அணைத்துக்கொள்வார், சளி பிடித்த பிள்ளைக்குத் தைலம் தேய்க்கப் போகிறவர் மாதிரி. கோயில் பாடகர் குழுவை நடத்தும் ஜோசப்பின் டீச்சர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள், "அண்ணே, எல்லாரையும் மாதிரி அதத் தாடையில வைங்கண்ணே. ஆண்டவர் பாத்துக்கிட்டு இருக்காரு" என்றாள்.

"ஆண்டவருக்குக் காது கேட்டாப் போதும் டீச்சர்."

அதோடு பாடகர் குழுவில் அவருடைய சோலி முடிந்தது.

அவர் அதை வயலின் என்றும் சொல்ல மாட்டார். பிடில்தான். அவர் வாசிப்பது கர்நாடக சங்கீதம் இல்லை, கோயில் பாட்டு இல்லை, சினிமாவும் இல்லை. அமெரிக்காவில் அப்பலேச்சியன் மலை என்று ஒன்று இருக்கிறது. அங்கே விவசாயிகளும் சுரங்க வேலைக்காரர்களும் சனிக்கிழமை ஆட்டத்துக்கு வாசித்த பழைய மெட்டுகளில் ஒரு கூடை நிறைய ஆக்னலிடம் இருக்கிறது. ஆளிடம் பாஸ்போர்ட் கிடையாது. மதுரையைத் தாண்டிப் போனது ஒரே தடவை, அதுவும் வேளாங்கண்ணிக்கு, அதுவும் பாதி வழி வாந்தி எடுத்துக்கொண்டே.

பிழைப்புக்குத் தச்சு வேலை. ஏரிக்கு மேலே இருக்கிற ஹாஸ்டல் பள்ளிக்கூடத்தில் இளவயதிலேயே சேர்ந்துவிட்டார். கட்டில் கால் போடுவது, ஜன்னல் கொக்கி மாற்றுவது, பெஞ்சில் பிள்ளைகள் செதுக்கி வைக்கும் காதலர் பெயர்களை இழைப்புளியால் இழைத்து எடுப்பது. ஊரில் அவர் அளவுக்குக் காதலை அழித்தவர்கள் யாரும் இல்லை.

அப்போது அவருக்கு இருபத்திரண்டு வயது. பட்டறையில் பிள்ளைகளுக்கு மரவேலை சொல்லிக்கொடுக்க அமெரிக்காவிலிருந்து ஒருவன் வந்து இறங்கினான். இவர் வயதுதான். பெயர் வெண்டல். ஒல்லியாக, உயரமாக, எப்போதும் ஒரு பச்சைச் சட்டையில் திரிந்ததால் மூஞ்சிக்கல் பஜாரில் ஒரே வாரத்தில் வெண்டைக்காய் ஆகிவிட்டான். அமெரிக்கா என்றால் வானத்தைத் தொடும் கட்டடம் என்று நினைத்திருந்த ஆக்னலுக்கு அவன் சொன்ன அமெரிக்கா வேறாக இருந்தது. மூடுபனி, உருளைக்கிழங்கு, பன்றி, மழை பெய்தால் அறுந்துபோகிற ரோடு.

"அப்ப அது நம்ம மன்னவனூருன்னு சொல்லு" என்றார் ஆக்னல், மலையில் இன்னும் மேலே இருக்கிற கிராமத்தை நினைத்து.

பள்ளிக்கூட ஸ்டோர் ரூமில் கழுத்து உடைந்து கிடந்த வயலினை இவர் பசை போட்டு ஒட்டினார். அதை எப்படிப் பிடிலாக்குவது என்று அவன் காட்டினான். நெஞ்சில் வைக்க வேண்டும். கீழ்க்கம்பிகள் இரண்டையும் ஏற்றிக் கட்ட வேண்டும், அப்போதுதான் தேன்கூடு மாதிரி உள்ளுக்குள் ஓர் இரைச்சல் கேட்டுக்கொண்டே இருக்கும். ஒரே மெட்டை ஆடுகிறவர்கள் கால் ஓயும்வரை திரும்பத் திரும்ப வாசிக்க வேண்டும். கடைசியாக, பிடிலின் வயிற்றுக்குள் ஒரு பாம்பு வால் கிடக்க வேண்டும். அவர்கள் ஊரில் வாலை ஆட்டிக் கிலுகிலுவென்று சத்தம் போடுகிற ஒரு பாம்பு உண்டு. அந்த வாலைப் போட்டு வைத்தால் எலி அண்டாது, ஈரம் சேராது, நாதம் கூடும் என்பது அவர்கள் நம்பிக்கை. வெண்டல் தன் பிடிலிலிருந்த வாலை இரண்டாக ஒடித்துப் பாதியை ஆக்னலின் பிடிலுக்குள் போட்டான். பாம்பு வாலைப் பங்கு போட்டுக்கொண்டவன் கூடப்பிறந்தவனுக்குச் சமம் என்று ஆக்னல் முடிவு கட்டினார். அப்படி எந்த ஊரிலும் சட்டம் இல்லை. அவராகக் கட்டிய முடிவு.

செலினா வருவது இங்கேதான். ஏரி ரோட்டில் அவள் அப்பாவுக்கு ஸ்வெட்டர் கடை. மன்னவனூர் ஆட்டு ரோமத்தில் நூல் வாங்கி அவளே பின்னுவாள். ஆக்னல் மப்ளர் வாங்கப் போவார். ஒரே கழுத்துக்கு நாலாவது மப்ளர் வாங்கிய அன்று அவள் ஊசியை நிறுத்தாமல் கேட்டாள்.

"ஊருக்கெல்லாம் வாசிக்கிறீங்களாம். எனக்குன்னு ஒண்ணு இருக்கா?"

அவளுக்குப் பார்த்திருந்த வத்தலக்குண்டு வாத்தியார் மாப்பிள்ளையின் போட்டோ கல்லாப்பெட்டி மேல் கிடந்தது. ஆக்னல் அந்தப் போட்டோவைப் பார்த்துக்கொண்டே, "போட்டுக்கிட்டு இருக்கேன்" என்று சொல்லிவிட்டு வந்தார்.

போட உட்கார்ந்தால் ஒன்றும் வரவில்லை. முதலில் வந்தது பெரிய வெள்ளிக்கிழமைப் பாட்டு. பெண்ணுக்கு வாசிக்கிற பாட்டா அது? அடுத்து அருமையாக ஒன்று வந்தது, வாசித்து முடித்ததும்தான் தெரிந்தது, அது பழனிக்குப் போகிற காவடிக்காரர்கள் ஒலிபெருக்கியில் போட்டுக்கொண்டு போன மெட்டு. முருகனை செலினாவிடம் எப்படிக் கொண்டு போவது? கடைசியில் வெண்டலிடம் போய் நின்றார்.

அடுத்த சனிக்கிழமை வெண்டல் பட்டறையில் மரத்தூள் மேல் உட்கார்ந்து ஒன்று வாசித்தான். முதல் பாதி, பெருமாள் மலை வளைவில் பாதி பிரேக்கோடு இறங்குகிற பஸ் மாதிரி இறங்கியது. இரண்டாம் பாதி, எதையோ மறந்து வைத்துவிட்டு வந்தவன் மாதிரி மறுபடி மேலே ஏறியது.

"இது செலினா" என்றான், தெரிந்த தமிழில்.

"புதுசா?"

"புதுசு. இன்னிக்குத்தான் பொறந்துச்சு. நீ வச்சுக்கோ."

கூட்டாளி போட்டுக் கொடுத்தான் என்று சொல்லிவிடத்தான் ஆக்னல் ஏரி ரோடு வரைக்கும் நினைத்துக்கொண்டு போனார். கடையில் வாசித்து முடித்து நிமிர்ந்தால், செலினாவின் மடியில் ஊசி இரண்டும் அசையாமல் கிடந்தன. அவள் கை சும்மா இருந்து அவர் பார்த்ததே இல்லை.

"நீங்களே போட்டதா?"

போட்டோவில் வாத்தியார் சிரித்துக்கொண்டிருந்தார்.

"ஆமா."

அவ்வளவுதான். கல்யாணம் நடந்தது, வாத்தியார் போட்டோ வத்தலக்குண்டுக்குத் திரும்பிப் போனது. வெண்டல் கல்யாணத்தில் வாசித்துவிட்டு, கேக் தின்றுவிட்டு, அந்த வருடமே ஊருக்குப் போய்விட்டான். கொஞ்ச காலம் கிறிஸ்துமஸ் கார்டு வந்தது. பிறகு அதுவும் இல்லை.

ஆக்னலின் வாசிப்பில் ஒரு கோளாறு உண்டு. பள்ளிக்கூட ஹாலில் சனிக்கிழமை ஆட்டத்துக்கு வாசிக்கையில் குஷி வந்தால் ஓட ஆரம்பித்துவிடுவார். ஆடுகிறவர்கள் மூச்சு வாங்குவார்கள், சிலர் விழுவார்கள். அப்பலேச்சியன் மலையில் இதற்கும் வைத்தியம் இருந்தது. ஒருவர் பிடில் வாசிக்கும்போதே இன்னொருவர் பக்கத்தில் நெருங்கி நின்று, கம்பிகளின் மேலேயே மெல்லிய குச்சிகளால் தாளம் தட்டுவார். ஒரு பிடில், இரண்டு ஆள். வெண்டல் சொல்லி வைத்திருந்த இதை ஒரு சனிக்கிழமை ஆட்டத்தில் முயன்றபோது குச்சி கிடைக்கவில்லை. செலினா பையிலிருந்து ஸ்வெட்டர் ஊசிகளை உருவினாள். அன்றிலிருந்து அவள்தான் அவருக்கு பிரேக். வில்லுக்கும் விரலுக்கும் நடுவில் உள்ள அந்தச் சின்ன இடத்தில் அவள் ஊசிகள் தட்டும். ஒருநாளும் வில் ஊசியில் பட்டதில்லை, ஊசி விரலில் பட்டதில்லை.

பள்ளிக்கூட ஆட்டம், ஞானஸ்நான வீடு, பிறகு ரிசார்ட்டுகள் வந்ததும் கேம்ப் ஃபயர். டிரைவர் பொன்னுவேலின் ஜீப்பில் போய் வாசித்துவிட்டு வருவார்கள். எங்கே போனாலும் கடைசிப் பாட்டு 'செலினா'தான். அதற்கு முன்னால் செலினா சொல்வாள்: "இது எங்க வீட்டுக்காரர் எனக்குன்னு போட்டது." மாதர் சங்கத்தில் சொன்னாள், பங்குச் சாமியாரிடம் சொன்னாள், தேனிலவுக்கு வந்த ஜோடிகளிடம் எல்லாம் சொன்னாள். பொய்யைச் சொன்னது ஆக்னல் ஒரே ஒரு தடவைதான். ஆயிரம் தடவை சொன்னது செலினா, அவளுக்கே தெரியாமல். கேட்டுக் கேட்டு ஆக்னலும் பாதி நம்பிவிட்டார். மனிதருக்கு வசதியான விஷயத்தில் ஞாபகம் நன்றாக ஒத்துழைக்கும்.

மகள் ஷர்மிளா கோயம்புத்தூருக்குக் கட்டிக்கொண்டு போனாள். ஆக்னல் ரிட்டயர் ஆனார். அதற்கப்புறம்தான் போன அக்டோபரில் பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர்கள் ஒன்றுகூடுவதாகச் செய்தி வந்தது. உலகத்தின் எல்லா மூலையிலிருந்தும் வருகிறார்கள், பழைய ஹாலில் பழைய மாதிரியே சனிக்கிழமை ஆட்டம், வாசிக்க ஆக்னலும் செலினாவும்தான் வேண்டும். செலினா அவருக்கு ஒரு பழுப்பு ஸ்வெட்டர் பின்ன ஆரம்பித்தாள், மேடையில் போட்டுக்கொள்ள.

வெள்ளிக்கிழமை காலையில் ஆக்னல் ஹாலில் தனியாக வாசித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். 'செலினா'வின் இரண்டாம் பாதி மலை ஏறும்போது பின்னாலிருந்து ஒரு குரல்.

"அட, இது எம் பாட்டுல்ல!"

வெள்ளைக்கார அம்மா ஒருத்தி. தமிழ் மட்டும் மூஞ்சிக்கல் தமிழ். பெயர் மார்த்தா. அவளுடைய அப்பா அம்மா இந்த மலையில் மிஷன் வேலை பார்த்தவர்கள். ஆயாக்களிடம் வளர்ந்து, இந்தப் பள்ளிக்கூடத்தில் படித்து, அமெரிக்காவில் குடித்தனம் பண்ணுகிறவள்.

"உங்க பாட்டா?" என்றார் ஆக்னல்.

"எங்க கல்யாணத்துக்கு ஒருத்தன் வாசிச்சது. இதுக்குப் பேரே 'மார்த்தா'தான். அவனும் இங்க வேல பாத்தவன்தான், வெண்டல்னு."

ஆக்னலின் வில் கம்பி மேல் இருந்தபடியே நின்றது.

"உங்களுக்குன்னு... புதுசாப் போட்டானா?"

"அட நீங்க ஒண்ணு. அது அவுங்க வீட்டுப் பழக்கம். அந்த மெட்டு அவுங்க பரம்பரையில கெடக்குறது. யாருக்குக் கல்யாணமோ அந்தப் பொண்ணு பேர வச்சு, இன்னிக்குத்தான் பொறந்துச்சும்பாங்க. எனக்கு முன்னாடி 'ரூத்', எனக்குப் பொறவு ஒரு 'பெத்'. எனக்குத் தெரிஞ்சே ஏழெட்டுப் பேரு இருக்கோம். கிறிஸ்துமஸுக்குக் கூடிப் பேசிச் சிரிப்போம்." அவள் சிரித்தாள். "உங்க ஊர்ல இதுக்கு என்ன பேரு?"

"பேரு வைக்கல" என்றார் ஆக்னல். அவர் வாழ்க்கையில் சொன்ன இரண்டாவது பெரிய பொய்.

ஆக்னல் பிடிலை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். கூடப்பிறந்தவன் என்று நினைத்தவன் ஊர் முழுக்கப் பந்தி வைத்ததில் மிஞ்சியதை அல்லவா கொடுத்திருக்கிறான்! இத்தனை வருடம் தன் பெண்டாட்டி பெயரில் வாசித்தது ரூத்துக்கும் பெத்துக்கும் போட்ட சோறு. யாரிடமாவது சொல்லி ஒரு பாட்டம் அழ வேண்டும் போலிருந்தது. ஆனால் யாரிடம் சொல்வது? 'வெண்டல் என்னை ஏமாத்திட்டான்' என்று சொன்னால், 'எதில் ஏமாத்தினான்?' என்று கேட்பார்கள். ஏமாந்தவன் வாயைத் திறந்தால் ஏமாற்றினவன் வெளியே வருவான். இரண்டு பேரும் ஒரே சட்டைக்குள் இருந்தார்கள்.

பட்டறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். அந்தப் பாம்பு வாலையாவது வெளியே எடுத்துப் போட்டால்தான் மனம் ஆறும். பிடிலைக் கவிழ்த்துக் குலுக்கினார். உள்ளே கிலுகிலுத்தது, வெளியே வரவில்லை. நுழைந்த ஓட்டையைத் தேடித் தேடி அது வேறு பக்கம் ஓடியது. பக்கவாட்டில் குலுக்கினார். தலைகீழாகப் பிடித்துத் தொடையில் தட்டினார். கம்பி ஒன்றை நீட்டி நோண்டினார். செத்துப்போன பாம்பு, அதுவும் பாதி வால், இந்தப் பாடு படுத்துகிறது.

"என்னங்க பண்றீங்க உள்ள? மாவு சலிக்கிறீங்களா?" என்று வெளியே செலினாவின் குரல்.

"தூசி. தூசி தட்டுறேன்."

"அதுல தூசி தட்டக் கூடாதுன்னு நீங்கதான சொல்லுவீங்க?"

ஆக்னல் பிடிலை நெஞ்சில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். சொல்லிவிடலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. நாளை ஆட்டம் முடியட்டும் என்று இன்னொரு நினைப்பு வந்து அதை உட்கார வைத்தது.

மார்த்தா அதுவரை காத்திருக்கவில்லை. நல்லவர்கள் செய்கிற கெடுதல் எப்போதும் வெரசாக நடக்கும். அன்று மாலை விளக்கு ஏற்றும் நேரத்துக்கு அவள் கேக் டப்பாவோடு வீட்டு வாசலில் நின்றாள். கையில் போன், போனில் ஒரு வழுக்கைத் தலை.

"ஆக்னல் அண்ணே, யாரு இருக்கான்னு பாருங்க! அவங்க ஊர்ல இப்பத்தான் விடிஞ்சிருக்கு. எழுப்பிவிட்டுட்டேன்."

வெண்டைக்காய் முற்றிப்போயிருந்தது. வெள்ளைத் தாடி, மூக்கில் கண்ணாடி, கையில் காபி. ஆனால் சிரிப்பு அதே சிரிப்பு.

"ஆக்னல்!" என்று போன் கத்தியது. "பாம்பு வால் இருக்கா?"

"இருக்கு" என்றார் ஆக்னல். அது உண்மை என்பதற்குக் காலையில் அவர் பட்ட பாடே சாட்சி.

செலினா ஸ்வெட்டரும் கையுமாக எட்டிப் பார்த்து, "நல்லா இருக்கீங்களா வெண்டல்? சாப்பிட்டீங்களா?" என்றாள். போனை அவள் பக்கம் திருப்புவதற்குள் ஆக்னல் கையை நீட்டினார், மார்த்தா குறும்பாகப் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். செலினா கேட்டது வெண்டலின் காதில் விழவில்லை, அவனுக்குப் பாதித் தலைதான் தெரிந்திருக்க வேண்டும், அதுவும் ஆக்னலின் தலை. தமிழ் பேச ஆள் கிடைத்த சந்தோஷத்தில் அவன் நிறுத்தாமல் பேசினான்.

"மார்த்தா சொன்னா, நீ அந்தப் பாட்டு இன்னும் வாசிக்கிற! நான் கொடுத்தேனே, நீயே போட்டதுன்னு கடைக்காரப் பொண்ணுகிட்ட சொல்லப் போற மாதிரி ஓடினியே! அவ நம்பினாளா?"

ஊசிச் சத்தம் நின்றது.

மார்த்தா கொடைக்கானல் தமிழில் கெட்டிக்காரி. நிலைமை புரிந்து, "சிக்னல் போயிருச்சு" என்று போனை அணைத்தாள். கேக்கை வைத்துவிட்டு, நாளைக்குப் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

செலினா கத்தவில்லை. பின்னிக்கொண்டிருந்த வரிசையை முடித்தாள். அவள் எந்த வரிசையையும் பாதியில் விடுகிறவள் இல்லை. பிறகு ஊசியை உருவி, நூல் முனையைப் பிடித்து இழுத்தாள். ஸ்வெட்டர் கிர்ரென்று பிரிய ஆரம்பித்தது.

"செலினா..."

"பேசாதீங்க."

"அவன் என்னையும்ல ஏமாத்திருக்கான். புதுசுன்னு சொன்னான்." காலையில் மார்த்தா சொன்ன ரூத், பெத் கதை முழுவதையும் கொட்டினார்.

"அவுக வீட்டுப் பழக்கம் அது. உங்க வீட்டுல இது எந்தப் பழக்கம்?" நூலை உருண்டையாகச் சுற்றிக்கொண்டே பேசினாள். "கூட்டாளி போட்டுக் குடுத்தான்னு சொல்லியிருந்தா நான் என்ன வத்தலக்குண்டுக்கா ஓடியிருப்பேன்? அந்தப் போட்டோவ அன்னிக்கு வெள்ளனே திருப்பி அனுப்ப எடுத்து வச்சதே நான்தான். அது தெரியுமா உங்களுக்கு?"

தெரியாது. கல்லாப்பெட்டி மேல் போட்டோ கிடந்தது வரவுக்கா செலவுக்கா என்று அவர் கேட்டதே இல்லை. அந்த 'ஆமா' தேவையே இல்லாத 'ஆமா'. அதுதான் மற்ற எல்லாவற்றையும்விட வலித்தது.

"ஊரு பூராம் சொன்னேனே" என்றாள் செலினா. இப்போதுதான் அவள் குரல் உடைந்தது. "வாயி வலிக்க வலிக்கச் சொன்னேனே. பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டுத்தான இருந்தீங்க?"

முதுகுப் பக்கம் முழுவதும் உருண்டையாகிவிட்டது.

"நாளைக்கு எனக்கு ஊசி வேண்டாம். வேணும்னா அந்த ரூத்தக் கூப்பிட்டுக்கங்க."

மறுநாள் மாலை பொன்னுவேல் ஜீப்பைக் கொண்டுவந்து நிறுத்தினான். செலினா பின் சீட்டில் ஏறினாள். வராமலும் இருக்கவில்லை, பேசவும் இல்லை. பொன்னுவேல் கண்ணாடியில் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"என்னண்ணே, ஸ்வெட்டர் போடலையா? அக்கா பின்னுச்சே?"

"ரோட்டப் பாத்து ஓட்டுலே."

ஹால் நிறைந்திருந்தது. நரைத்த தலைகளும், அவர்கள் பேரப்பிள்ளைகளும், கேக்கும் காபியும். செலினா கடைசி வரிசையில் போய் உட்கார்ந்து பையிலிருந்து நூலையும் ஊசியையும் எடுத்தாள். ஆக்னல் மேடையில் தனியாக நின்றார். அவரது இடது பக்கத்தில் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடம் காலியாக இருந்தது. பழக்கம், தன்னையறியாமல் விட்ட இடம்.

முதல் பாட்டு ஆரம்பித்தார். மார்த்தா ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்தாள், ஜோடிகள் சுற்றின. நாலாவது சுற்றில் ஆக்னலுக்கு ஓட்டம் பிடித்துக்கொண்டது. பிரேக் இல்லாத பஸ் மாதிரி பாட்டு இறங்கியது. ஒரு தாத்தா மூச்சு வாங்கிச் சுவரைப் பிடித்தார். ஓர் அம்மா தவறான ஆளின் கையைப் பிடித்துக்கொண்டு சுற்றி, அது வசதியாக இருக்கவே அப்படியே போனாள். நிறுத்த ஆக்னலுக்குத் தெரியவில்லை. நிறுத்துகிறவள் கடைசி வரிசையில் தலையைக் குனிந்து பின்னிக்கொண்டிருந்தாள். யாரோ ஒரு பெண் கால் தடுக்கி உட்கார்ந்த பிறகுதான் பாட்டு ஓய்ந்தது. கை தட்டினார்கள், பாவம் என்று.

"செலினா!" என்று மார்த்தா கத்தினாள். அது மேடைக்கா, கடைசி வரிசைக்கா, பாட்டின் பெயரா, யாருக்கும் தெளிவில்லை. ஆனால் பழைய ஆட்கள் பிடித்துக்கொண்டார்கள். "செலினா! செலினா!"

ஆக்னல் வில்லைத் தொங்கவிட்டார். "அந்தப் பாட்டு இன்னிக்கு இல்ல" என்றார். "அதுக்குப் பேரு வைக்கிற யோக்கியத எனக்கு இல்ல."

கடைசி வரிசையில் நாற்காலி நகர்கிற சத்தம். செலினா நடுவே நடந்து வந்தாள், நூல் உருண்டை பின்னாலேயே தரையில் உருண்டு வந்தது. மேடை ஏறி, காலியாகக் கிடந்த இடத்தில் நின்றாள். ஊசியை நூலிலிருந்து உருவினாள்.

"அவுக பழக்கப்படி கேக்குறவ பேருதான பாட்டுக்கு?" என்றாள் அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "அப்ப நான் வைக்கிறேன். 'நம்பின செலினா'. வாயத் தொறந்து சொல்லுங்க. இத்தன வருசம் நான் சொன்னேன்ல, இனிமே நீங்க சொல்லுங்க. யாரு போட்டது, யாரு போட்டேன்னு சொன்னது, எல்லாம்."

ஆக்னல் சொன்னார். முதல் தடவை யாருக்கும் கேட்கவில்லை. "சத்தமா" என்றாள் செலினா. சத்தமாகச் சொன்னார். மார்த்தா அதை இங்கிலீஷில் சொன்னாள். ஹால் சிரித்தது. கொஞ்சம் பேர் சிரிக்கவில்லை, அவர்கள் மேடையில் நின்ற பெண்ணின் முகத்தைப் பார்த்தவர்கள்.

பிறகு அவள் தட்டினாள். கம்பி அறுந்துவிடுமோ என்கிற மாதிரி தட்டினாள். ஊசி முனை இரண்டு தடவை ஆக்னலின் விரலில் பட்டது. இத்தனை வருடத்தில் படாதது. தெரியாமல் பட்டதாக அவர் நினைக்கவில்லை. பாட்டு மட்டும் ஓடவில்லை, ஓர் அடி முன்னே போகவில்லை. வயிற்றுக்குள் பாம்பு வால் கிலுகிலுத்துக்கொண்டே இருந்தது.

இப்போதும் ரிசார்ட்டுகளில் வாசிக்கிறார்கள். கடைசிப் பாட்டுக்கு முன்னால் ஆக்னல் தொண்டையைச் செருமிக்கொண்டு பெயரைச் சொல்கிறார், கதையையும் சொல்கிறார், எதையும் விடாமல். எதையாவது விட்டால் ஊசி கம்பியைத் தொடாது. தேனிலவு ஜோடிகளில் மாப்பிள்ளைகளுக்கு இந்தக் கதை அவ்வளவாகப் பிடிப்பதில்லை.

செலினா 'என்னங்க' என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள். "இந்தா, காபி" என்பதோடு சரி. மார்கழிக் குளிரில் ஆக்னல் பழைய மப்ளர் நாலையும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றிக்கொண்டு திரிந்தார். பழுப்பு நூல் உருண்டை அலமாரியில்தான் கிடக்கிறது என்று நினைத்திருந்தார். தை பிறந்த பிறகு ஒருநாள் உளி தேடும்போது அவள் பையைத் திறந்து பார்த்தார்.

பழுப்பு ஸ்வெட்டரில் ஒரு கை மட்டும் மறுபடி பின்னி முடிந்திருந்தது. பையை மூடி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, உளி கிடைக்கவில்லை என்று சொன்னார்.